றங்குப்பெட்டிக் கடையாணிகள்

உடையார்கட்டுக் குடியேற்றத்தில் கனகலிங்கமும் சின்னராசாவும் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. கூடப்பிறந்தவர்கள், அடுத்தடுத்த காணிக்காரர், ஒரே கிணற்றில் அள்ளிக் குளிக்கிறவர்கள். தண்ணீர் முறையில் வந்த தகராறு. தம்பி சின்னராசா ஒருநாள் முறை தவறி வாய்க்காலை வெட்டினான், தமையன் நாலுபேருக்கு முன்னால் ஒரு சொல் சொன்னார். வாய்க்காலை அன்று பின்னேரமே அடைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லை யாரும் அடைக்கவில்லை, அது ஓடிக்கொண்டே இருந்தது.

கதைக்காமல் இரண்டு குடும்பம் எப்படிச் சேர்ந்து கமம் செய்யும் என்று கேட்பீர்கள். அதற்குக் கனகலிங்கத்தின் மனைவி கமலாசனி இருந்தாள். "மச்சாள், நாளைக்கு நெல்லுச் சூடடிக்க எருமை வருகுது எண்டு அண்ணையிட்டைச் சொல்லுங்கோ" என்பான் சின்னராசா. அண்ணன் ஆறடி தள்ளி நின்று வேலி கட்டிக்கொண்டிருப்பார், தலை நிமிரமாட்டார். அவள் போய்ச் சொன்ன பிறகுதான் வரட்டாம் என்பார். அந்த ஒரு சொல்லையும் அவளே திருப்பிச் சுமந்துகொண்டு வந்து கொடுக்கவேண்டும். உலை கொதித்து அடுப்பை அணைத்தாலும் முதலில் இந்தத் தூது முடியவேண்டும்.

வண்டில்தான் பெரிய வில்லங்கம். காணியை அரசாங்கம் தனித்தனியாக அளந்து கொடுத்திருந்தது. வண்டிலும் மாடும் தகப்பன் மீசாலையிலிருந்து இவர்களை அனுப்பியபோது பொதுவில் வாங்கிக் கொடுத்தவை. வண்டிலை வாளால் அரிந்து ஆளுக்குப் பாதி எடுக்க முடியுமா? ஒருவர் சொல்லாமல் பூட்டிக்கொண்டு போவார், மற்றவர் வேலிப் படலையில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்துவார். கடைசியில் பக்கத்துக் காணி யோகநாதன் ஒரு வழி சொன்னார். வேலை முடிந்ததும் வண்டிலின் இரண்டு கடையாணியையும் கழற்றிக் கமலாசனியிடம் கொடுப்பது, தேவையானவர் அவளிடம் கேட்டு வாங்குவது. கடையாணி இல்லாத வண்டிலை எந்த விசரன் பூட்டிக்கொண்டு போவான்?

கடையாணி ஒரு சாண் நீள இரும்பு, அவ்வளவுதான். அச்சின் நுனியில் குத்தி நிற்கும். பாரத்தை அச்சுச் சுமக்கும், சில்லு உருளும், மாடு இழுக்கும். கடையாணி ஒரு வேலையும் செய்யாததுபோல ஓரத்தில் நிற்கும். அதைக் கழற்றிவிட்டால் நாலு முழம் போகமுதல் சில்லு ஒரு பக்கம், வண்டில் ஒரு பக்கம்.

முதலில் அவள் அவற்றைக் குசினிக் கூரை இறப்பில் செருகி வைத்தாள். ஒருநாள் சின்னராசா கேட்காமல் எடுத்துப் போய்ப் பெரிய சண்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு பழைய சீலைத் துண்டில் சுற்றி, தன் தகர றங்குப்பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். ஒரு பெண்ணின் றங்குப்பெட்டியில் எந்த ஆம்பிளையும் கை வைக்கமாட்டான். அவளுடைய கூறைச் சேலையில்கூட அச்சுக்குப் பூசுகிற கரட்டெண்ணெய் மணத்தது.

"கனகலிங்கம் வளவுக்குக் கமலாசனிதான் கடையாணி" என்று ஊரில் சொல்லத் தொடங்கினார்கள். யோகநாதன் சொன்னார், சங்கக்கடை மனேச்சர் சொன்னார், சைக்கிளில் சேலை கொண்டுவந்து விற்கிற கச்சு முகம்மதுவும் சொன்னார். சும்மா விசர்க்கதை என்று அவள் சிரித்து மழுப்புவாள். ஆனால் அந்தச் சொல் அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை மறைப்பானேன்? பத்து வருடம் காட்டோடும் நுளம்போடும் மாரடித்ததற்கு வேறு யார் என்ன கொடுத்தார்கள்?

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம், காலபோக நெல் களத்துக்கு வந்திருந்த நேரம், மட்டுவிலில் இருந்து தங்கை நேசமலரின் கடிதம் வந்தது. அம்மா படுக்கையில் விழுந்துவிட்டா, உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா என்று எழுதியிருந்தாள். கமலாசனி கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சூடு அடித்து முடியட்டும் என்றாள். சூடு அடித்து முடிய, தூற்றி முடியட்டும் என்றாள். அவளை யாரும் பிடித்துவைக்கவில்லை. நீர் போனால் இஞ்சை என்னெண்டு என்று கனகலிங்கம் பாதியில் நிறுத்தினார், மற்றப் பாதியை அவளே நிரப்பிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. அம்மாவுக்குக் கடுமை, உடனே வரவும்.

அடுத்தநாள் விடியப்புறம் அவள் றங்குப்பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த சேலைகளை அள்ளித் துணிப்பைக்குள் அடைத்தாள். விளக்கு மங்கல், அள்ளியதைப் பார்க்கவில்லை. பிள்ளையைச் சின்னராசாவின் மனைவி விமலேஸ்வரியிடம் விட்டாள். கனகலிங்கம் சைக்கிளில் ஏற்றிவந்து பெரிய றோட்டில் யாழ்ப்பாணப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். களத்து நெல்லை இன்றைக்குள் வீட்டுக்கு ஏற்றிவிட வேண்டும், வானம் சரியில்லை என்று அவர் அண்ணாந்து பார்த்தார். நேசமலரைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

பஸ் விசுவமடு தாண்டியபோது அவளுக்கு அம்மாவின் நினைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடிக்கப் பத்து நிமிடம் நிற்பாட்டினார்கள். முகம் துடைக்க லேஞ்சி தேடிப் பைக்குள் கை விட்டவளுக்கு விரலில் இரும்பு பட்டது. சீலைத் துண்டை விரிக்கவே தேவையில்லை, ஆனாலும் விரித்துப் பார்த்தாள். இரண்டும் இருந்தன.

களத்தில் நெல் கிடக்கிறது, மழை கறுத்துக்கொண்டு வருகிறது. வண்டிலுக்குக் கடையாணி இல்லை. தம்பி ஒளித்துவிட்டான் என்று இவர் நினைப்பார், அண்ணை ஒளித்துவிட்டார் என்று அவன் நினைப்பான். நினைத்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? ஏதாவது தடியைக் குத்திக்கொண்டு வண்டிலை விடுவார்கள். போன வருடம் யோகநாதன் அப்படித்தான் அவசரத்துக்கு ஒரு தடியைக் குத்தினார். குளக்கட்டு இறக்கத்தில் தடி முறிந்து, சில்லு கழன்று, பாரத்தோடு வண்டில் அவர் காலில் சரிந்தது. இன்றைக்கும் அவர் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அந்தச் சத்தத்தைக் கமலாசனி தன் குசினியில் நின்று கேட்டவள்.

தேத்தண்ணிக் கடை வாசலில் கச்சு முகம்மது நின்றிருந்தார். பரந்தனில் யாருக்கோ சேலை கொடுத்துவிட்டு முல்லைத்தீவுப் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து என்ன என்று கேட்டார். அவள் தந்தியைச் சொன்னாள், கடையாணியைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார்.

"இதுக்கேன் புள்ளை கலங்குறீங்கள்? தாருங்கோ, அடுத்த பஸ்ஸிலை நான் அந்தப் பக்கந்தானே போறன். உங்கடை வளவிலை இறங்கிக் குடுத்திட்டுப் போறன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சீலைத் துண்டை அப்படியே அவர் கையில் வைக்கப்போனாள்.

"ஆரிட்டைக் குடுக்க?" என்று கேட்டார் அவர். "பெரியவரிட்டையோ, சின்னவரிட்டையோ?"

சாதாரணக் கேள்வி. அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பெரியவரிடம் என்றால், கடையாணி இப்போது அண்ணையின் கைக்குப் போய்விட்டது என்று சின்னராசா குதிப்பான். சின்னவரிடம் என்றால் கனகலிங்கம் அவளோடு ஒரு மாதம் கதைக்கமாட்டார். ஆளுக்கொன்று என்றால் அதோடு எல்லாம் முடிந்தது, ஒருவர் மற்றவருக்குத் தன்னுடையதைத் தரவே மாட்டார். இரண்டு வருடமாகத் தன் கையால் மட்டும் வாங்கி, தன் கையால் மட்டும் கொடுத்துக் காப்பாற்றி வந்த ஒன்று. அதை வேறொரு கையில் வைக்க அவளுக்கு மனம் ஏவவில்லை.

யாழ்ப்பாணப் பஸ் ஹோண் அடித்தது. கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். அம்மா இத்தனை நாளாகப் படுக்கையில்தானே கிடக்கிறா, ஒருநாள் பொறுப்பா என்று கமலாசனி நினைத்தாள். இன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாளைக்கு இதே பஸ்ஸில் வந்தால் போயிற்று. அப்படித்தான் நினைத்தாள். நினைத்தபோது அது நியாயமாகத்தான் இருந்தது.

"வேண்டாம் நானா. நானே கொண்டுபோறன்" என்றாள்.

பஸ் ஆனையிறவுப் பக்கமாகப் போனது. அவள் தேத்தண்ணிக் கடை மரவாங்கில் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தாள். முல்லைத்தீவுப் பஸ் வந்ததும் கச்சு முகம்மது முன்னுக்கு ஏறினார், அவள் பின்னுக்கு ஏறினாள். வழிநெடுக அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உடையார்கட்டில் இறங்கும்போது மட்டும் தன் இருக்கையில் இருந்தபடி சொன்னார்.

"கடுதாசியெண்டால் பரவாயில்லைப் புள்ளை. தந்தியெல்லோ வந்தது."

மனுசன் அப்படிச் சொன்னது அவளுக்குக் கோபமாகக்கூட இருந்தது.

பெரிய றோட்டிலிருந்து குடியேற்றத்துக்குக் குளக்கட்டால் நடக்கவேண்டும். வானம் கறுத்துக் காற்று எழும்பியிருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரைவாசி ஓட்டமாகப் போனாள். வளைவு திரும்பியதும் வண்டில் சத்தம் கேட்டது, அவள் நின்றுவிட்டாள்.

இறக்கத்தால் வண்டில் வந்துகொண்டிருந்தது. மூட்டைக்கு மேல் மூட்டை, மேலே மழைக்கு மூடிய படங்கு. சின்னராசா முன்னால் நடந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தான். கனகலிங்கம் குனிந்தபடி சில்லோடு சில்லாக நடந்தார். அவருடைய கண் அச்சின் நுனியிலேயே இருந்தது. அங்கே இரும்புக்குப் பதிலாகச் சீவிய பாலைக் கட்டை ஒன்று நின்றது. கழலாமல் இருக்கச் சாக்கு நூலால் சுற்றியிருந்தார்கள்.

"அண்ணை, உந்தப் பக்கம் எப்பிடி?"

"அசையேல்லை. நீ விடு, மெல்ல விடு."

கமலாசனி வேலியோரம் ஒதுங்கி நின்றாள். அண்ணை என்ற சொல்லை அவன் வாயில் நேராகக் கேட்டு இரண்டு வருடம். சந்தோசப்பட வேண்டிய நேரம் அது. கோயிலுக்கு நேர்த்தி வைத்துக் கேட்ட காரியம் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கோ வயிறு எரிந்தது. இப்படி எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர்கள் அவளைக் கண்டதும் வண்டில் நின்றது. ஏன் திரும்பி வந்தனீர் என்று கனகலிங்கம் பதறிப்போய்க் கேட்டார், அம்மாவுக்கு ஏதும் என்று இழுத்தார். அவள் சீலைத் துண்டை எடுத்து நீட்டினாள். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சின்னராசாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கனகலிங்கத்துக்கும் வந்துவிட்டது.

"இதுக்கே வந்தனீர்?" என்றார்.

நடந்ததை அவரே சொன்னார். காலையில் கடையாணியைக் காணாமல் வளவு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். அவன் ஒளித்தான் என்று இவரும், இவர் ஒளித்தார் என்று அவனும் நினைத்திருக்கிறார்கள். விமலேஸ்வரி இவருக்கு முன்னால் வாய் திறக்காதவள், சொல்லி அனுப்ப வேறு ஆள் இல்லை. கடைசியில் நேருக்கு நேர் நின்று கத்தியிருக்கிறார்கள், வாய்க்கால் கதை, அந்தச் சொல், எல்லாவற்றையும் எடுத்துக் கத்தியிருக்கிறார்கள். "சண்டை பிடிக்கிறதெண்டாலும் கதைக்கத்தானே வேணும்" என்றார் கனகலிங்கம். கத்தி முடியத் தொண்டை வற்றிவிட்டது. அப்போது இடி முழங்க, சின்னராசா கோடரியை எடுத்துப் பாலைக் கட்டையைத் தறித்தான், இவர் சீவினார். இது மூன்றாவது நடை.

கமலாசனி கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு வருடமாக அந்தச் சண்டையைப் பிடிக்கவிடாமல் தடுத்தது தான்தான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. காரச் சொல் ஒவ்வொன்றையும் பதமாக்கி, பாதியை விழுங்கி, மற்றப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவர்கள் சண்டை பிடிக்கவுமில்லை, சமாதானமாகவுமில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார்கள்.

நீட்டிய கடையாணிகளை இரண்டு பேரும் வாங்கவில்லை. பாரத்தோடு நிற்கிற வண்டிலில் இப்போது மாற்ற முடியாது, நீரே வைத்திரும் என்றார் கனகலிங்கம். அவள் திரும்பவும் பைக்குள் வைத்தாள். வண்டில் நகர்ந்தது, அவள் பின்னால் நடந்தாள். பத்து அடி போயிருக்காது.

"மச்சாள்" என்றான் சின்னராசா, மாட்டைப் பார்த்தபடி. "மிச்ச நெல்லு ரெண்டு நடைக்கு வரும், மழைக்கு முன்னம் ஏத்துவமோ எண்டு அண்ணையிட்டைக் கேளுங்கோ."

கனகலிங்கம் மூன்று அடி தள்ளித்தான் நடந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் சொல்லட்டும் என்று முகத்தைத் திருப்பிச் சில்லைப் பார்த்தார். பழகிய கால் பழகிய வழியால்தானே போகும். அவள் வந்து நின்றாள், அவர்களும் பழைய வழியிலேயே போய் விழுந்தார்கள். ஏத்தட்டோ எண்டு கேக்கிறார் என்று அவள் சொன்னாள். ஓம், ஏத்தலாமாம் எண்டு சொல்லும் என்றார் அவர்.

அன்றைக்கு வேறு பஸ் இல்லை. பின்னேரம் மழை கொட்டியது. நெல் முழுக்க நனையாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. விமலேஸ்வரி இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் காய்ச்சினாள். கமலாசனி ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் அதே பஸ்ஸில், அதே பையோடு போனாள். சாவகச்சேரியில் இறங்கி மட்டுவிலுக்கு நடந்தாள். ஒழுங்கைக்குள் திரும்புமுன்னமே பறைச் சத்தம் கேட்டுவிட்டது. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி, நெற்றியில் விபூதி பூசிக் கிடத்தியிருந்தார்கள். முதல்நாள் விளக்கு வைக்கிற நேரம் உயிர் போனதாம்.

நேசமலர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகைக்குள்ளே சொன்னாள்.

"நேற்றுக் காலமை நல்ல தெளிவு அக்கா. எழுப்பி இருத்தச் சொன்னவா. கமலி பஸ்ஸிலை வருவாள், தலையை வாரி இழுத்துவிடு எண்டவா. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் படலையைப் பாத்துக்கொண்டிருந்தவா. பின்னேரந்தான் கண்ணை மூடினவா."

கமலாசனி அம்மாவின் தலையைப் பார்த்தாள். நரைத்த மயிர் ஒன்றுகூடக் கலையாமல் இழுத்து முடிந்திருந்தது. நேற்றுக் காலை அவள் பரந்தன் சந்தி வாங்கில் இருந்தாள். ஒரு பஸ்ஸை விட்டாள், மடியில் இரும்பை வைத்துக்கொண்டு மற்றப் பஸ்ஸுக்கு இருந்தாள். அவளால் அழக்கூட முடியவில்லை.

சாம்பல் அள்ளுகிற காடாற்று அன்று தமையனும் தம்பியும் ஒரே பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். செத்தவீட்டுக்காரர் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். சேர்ந்து வந்தார்களே தவிர, விறாந்தைப் பாயில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். கமலாசனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சின்னராசா பேணியை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"மச்சாள், நாளைக் காலமைப் பஸ்ஸுக்கே திரும்புறது எண்டு அண்ணையிட்டைக் கேளுங்கோ."

"எட்டாம் நாள் செலவுக்குப் பிறகு நீர் வருவீர்தானே?" என்றார் கனகலிங்கம் அதே நேரம். "நீர் இல்லாமல் அங்கை ஒண்டும் ஓடாது."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தச் சீலைத் துண்டு இருந்தது. பாயின் நடுவில், இரண்டு பேருக்கும் எட்டுகிற தூரத்தில், கடையாணிகளை வைத்தாள். கரட்டெண்ணெய் மணம் சாம்பிராணிப் புகையோடு கலந்தது.

"நான் பரந்தனிலை இருந்து திரும்பினது உங்களுக்காக இல்லை" என்றாள். குரல் உயரவில்லை. "கச்சு முகம்மது நானா கொண்டுபோய்க் குடுக்கிறன் எண்டவர். நான்தான் விடேல்லை. நான் இல்லாமல் ஓடாது எண்டு நினைச்சன். ஓடிச்சுது."

இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள்.

"என்னை நம்பிக்கொண்டு படலையைப் பாத்தது ஒரு ஆள்தான். அவவை விட்டிட்டன். இனி நீங்களே கேட்டு நீங்களே சொல்லுங்கோ. ஏலாதெண்டால் கட்டையைக் குத்தி ஓட்டுங்கோ."

அதைச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய், அம்மாவின் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கில் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. விறாந்தையில் யாரோ கதைக்கத் தொடங்குவதுபோலத் தொண்டையைச் செருமினார்கள், அண்ணனா தம்பியா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.